மூன்றாம் பத்தியும் குமுதவல்லி டீச்சரும்

பின்பக்கமாக நடப்பதற்கு அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவள் நான். சுற்றுலா வழிகாட்டி விருந்தினரின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவர்களோ முன்னால் வந்துகொண்டே இருப்பார்கள். ஆகவே நாம் பின்னால் போய்க்கொண்டே பேச வேண்டும். அப்படிப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டியிருக்கிறேன், எருமையின் மேல் சாய்ந்திருக்கிறேன். ஒருமுறை தெற்கு மாட வீதியில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குள் புகுந்து, மாப்பிள்ளைக்கு முன்னால் பத்தடி நடந்திருக்கிறேன். நாதஸ்வரக்காரர் என்னையும் சேர்த்துத்தான் வாசித்தார்.

போன மாதம் இரண்டு இளம்பெண்கள் என் அசோக் நகர் வீட்டுக்கு வந்தார்கள். மயிலாப்பூர்ப் பெண்களின் வரலாற்றைச் சொல்லும் நடை ஒன்றை நடத்துகிறார்களாம். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியெல்லாம் வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி நேராகப் பார்த்து நடந்தபடியே பேசலாம். "மேடம், எங்களுக்கு முன்னாடி யாராவது இதைப் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றார்கள். குடித்துவிட்டு அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அரசு சுற்றுலா அலுவலகத்தில் தற்காலிக வழிகாட்டியாகச் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சி. ஒலிபெருக்கியை வாயிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளிப் பிடிப்பது, பேருந்து திரும்பும்போது விழாமல் நிற்பது, வாந்தி வருபவரை முகத்தை வைத்தே கண்டுபிடிப்பது, இவ்வளவுதான். தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டித்துக் கடிதம் வரும். வராவிட்டால் அதற்கு முன் நான் அதே அலுவலகத்தில் பார்த்த வேலைக்கு, தொலைபேசி எடுக்கும் மேசைக்கு, திரும்பிவிட வேண்டியதுதான்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் உதவி இயக்குநர் சுந்தரவரதன். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆறடி உயரம், குரலை உயர்த்தியே பேசமாட்டார். எங்களையெல்லாம் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். எதற்கும் "நல்லது" என்பார். அதில் இரண்டு வகை உண்டு. 'ல்'லை அழுத்திச் சொன்னால் சம்மதம். இழுத்துச் சொன்னால் முடியாது என்று பொருள். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் முடியாது என்று அவர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

அவருடைய முறை ஒன்று உண்டு. நாங்கள் பேசப்போவதை முதலில் தாளில் எழுத வேண்டும். தாளை நெட்டுக்கு மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் இடம், இரண்டாவதில் நாம் சொல்லும் வார்த்தை, மூன்றாவதில் அதற்கு ஆதாரம். கல்வெட்டோ, பதிவேடோ, அச்சிட்ட புத்தகமோ இருக்க வேண்டும். மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் பச்சை மையால் ஒரே கோடு. 'சொல்லிக்கொள்கிறார்கள்' என்று எழுதினால் இரண்டு கோடு.

அதற்கப்புறம் மூன்று ஒத்திகை. முதலாவது, ஆளில்லாமல் தனியாக. இரண்டாவது, உச்சி வெயிலில் குடையோடு. மூன்றாவதில் அவரே விருந்தினராக நடிப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்குகிறது. காது கேட்காத தாத்தாவாக வருவார், கால் வலிக்கும் மாமியாக வருவார், எல்லாம் தெரிந்தவராக வருவார். கால் வலிக்கும் மாமிதான் அவருக்குப் பிடித்த வேஷம். கற்பகாம்பாள் சந்நிதித் தெருவில் ஆறடி மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டியம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்பார். நான் சிரிக்கக் கூடாது. சிரித்தால் ஒத்திகை முதலிலிருந்து.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில், திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியைகள் இருபத்திரண்டு பேர் ஏதோ பயிற்சிக்காகச் சென்னை வந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களை ஊர் சுற்றிக் காட்டும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனேன். கடற்கரைச் சிலைகள், அடையாற்று ஆலமரம், எல்லாம் வழக்கம்போல. பின் இருக்கையில் சுந்தரவரதன் முன்னறிவிப்பில்லாமல் ஏறி உட்கார்ந்திருந்தார். அதுவும் வழக்கம்தான்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் தங்கபுஷ்பம், தலைமையாசிரியை, பாரியான உடம்பு. கடைசி நிறுத்தத்தில் எழுந்து நின்று என்னைக் கேட்டார்.

"எம்மா, காலையில இருந்து நானும் எண்ணிக்கிட்டே வாரேன். பதினாலு ஆம்பளையப் பத்திச் சொல்லிட்ட. சிலையா நிக்கவுகள விட்டா இந்த ஊர்ல பொம்பளையே கெடையாதா? நீ ஒருத்திதானா?"

பேருந்து முழுவதும் சிரித்தது. நான் பின் இருக்கையைப் பார்த்தேன். சுந்தரவரதன் சிரிக்கவில்லை. தங்கபுஷ்பத்தைப் பார்த்து, "நீங்க ஊருக்கு எப்போ திரும்பறீங்க?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றார் அவர்.

"அப்போ சனிக்கிழமை காலையில மயிலாப்பூர் வாங்க. நடந்து போற மாதிரி இருக்கும்," என்றார். பிறகு என்னிடம், "ஆறு நாள் இருக்கு," என்றார்.

அந்த ஆறு நாட்களில் நான் நடந்த நடைக்கு ஒரு ஜோடி செருப்பு அறுந்தது. லஸ் பக்கத்தில் ஒரு மருத்துவச்சி இருந்த வீடு கிடைத்தது. பிறப்புப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அவள் கைநாட்டு. மூன்றாம் பத்தி நிறைந்தது. வடக்கு மாட வீதியில் ஒரு கார் ஷெட்டில், மத்தியானங்களில் பெண்கள் கூடி ஒருத்தி செய்தித்தாளை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். அவர்கள் வைத்திருந்த வருகைப் பட்டியல் ஒரு டிரங்குப் பெட்டியில் அகப்பட்டது. அதுவும் நிறைந்தது. இன்னும் ஒன்று வேண்டும் என்று சாந்தோம் பக்கம் அலைந்துகொண்டிருந்தபோதுதான் ரோசம்மாவைப் பார்த்தேன்.

ரோசம்மா குப்பத்து மீன்காரி. பின் கேரியரில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்தாள். அந்தக் காலத்தில் அப்படி ஒருத்தியை நான் கண்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நடுத் தெருவில் நின்றுவிட்டேன். மணியடித்தாள், நான் நகரவில்லை. இறங்கினாள்.

"இன்னாமே பாத்துக்கினு கீறே? சைக்கிளப் பாத்ததில்லயா?"

"உங்களுக்கு இதை யார் கத்துக் குடுத்தாங்க?"

"டீச்சரம்மா. அதோ கச்சேரி ரோடாண்ட சந்துல பச்சைக் கதவு வூடு கீது பாரு, அங்க. என் பெரிய புள்ள பொறக்கறதுக்கு முந்தி. எங்க குப்பத்துல ஆறு பேரு கத்துக்கினோம். மத்தவளுங்க எல்லாம் வுட்டுட்டாளுங்க. எனக்கு மீனு நாறிப்பூடும், அதான் வுடல."

விடிகாலையில் அந்தச் சந்தில் வகுப்பு நடக்குமாம். மடிசார் கட்டிய மாமி முதல் மீன்காரி வரைக்கும் யார் வந்தாலும் டீச்சரம்மா ஏற்றிவிடுவாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்துக்கு ஓடினேன்.

சுந்தரவரதன் முழுக்கக் கேட்டார். "நல்லது," என்றார், இழுத்து. மீன்காரி சொன்னது ஆதாரமாகாது. அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கட்டுமா என்றேன். அதுவும் கூடாது. வழிகாட்டி தெருவிலிருந்துதான் காட்ட வேண்டும், குடியிருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அவர் விதி.

ஆனால் மறுநாள் அவரே ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். நூலகத்தில் இரண்டு மணி நேரம் தேடினாராம். ஒரு பெண்கள் பள்ளியின் விழா மலர். அதில் ஒரு வரி இருந்தது: 'மறைந்த உடற்பயிற்சி ஆசிரியை குமுதவல்லி, பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சி அளித்ததற்காகவும் அறியப்பட்டவர்.' பச்சை மையால் மூன்றாம் பத்தியை அவர் கையாலேயே நிரப்பினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லஸ் முனையில் இருபத்திரண்டு பேரும் வந்து நின்றார்கள். அத்தனை பேர் தலையிலும் பூ. நான் பின்பக்கமாக நடக்க, அவர்கள் வர, கடைசியில் குடையும் குறிப்பேடுமாகச் சுந்தரவரதன். மருத்துவச்சி வீட்டில் உச்சுக் கொட்டினார்கள். கார் ஷெட்டில், தங்கள் ஊரிலும் அப்படி ஒன்று தொடங்க வேண்டும் என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கச்சேரி ரோட்டைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பிப் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"இந்த வீட்டில்தான் குமுதவல்லி டீச்சர் வாழ்ந்தார். பெண்கள் சைக்கிள் ஏறுவதைப் பார்த்தாலே கதவைச் சாத்திய காலத்தில், இந்தச் சந்தில்தான் அவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் இன்று நம்மிடையே இல்லை. ஆனால்..."

"யார் சொன்னா?"

குரல் மேலிருந்து வந்தது. மாடி ஜன்னலில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு முகம். கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய்.

நான் தாளைப் பார்த்தேன். மூன்றாம் பத்தியில் பச்சையாக இருந்தது. "விழா மலர்ல போட்டிருக்கு, மாமி," என்றேன். வேறென்ன சொல்வது.

"அதுவா. அதை எனக்கும் தபால்லே அனுப்பிச்சா. உறை மேலே என் பேர், விலாசம் எல்லாம் சரியா எழுதியிருந்தா. உள்ளே நான் செத்துப் போயிருந்தேன். இருங்கோ, வரேன்."

இருபத்திரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கபுஷ்பம் பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, இது பேருந்தவிட நல்லா இருக்கு," என்று சொன்னது கேட்டது. சுந்தரவரதனைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு வேலை போகும்போது இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் இறங்கி வந்தார். ஒல்லி, நெட்டை, மடிசார், அறுபதைத் தாண்டிய வயது. படியிறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். சந்தில் சைக்கிள் வகுப்பு நடத்துவது தெரிந்து, பெற்றோர்கள் சிலர் பள்ளிக்கூடத்தில் முறையிட்டார்களாம். சைக்கிளா, வேலையா என்று கேட்டார்களாம்.

"சைக்கிள்தான்னேன். சட்டுனு சொல்லிட்டேன், அவாளுக்கே தூக்கிவாரிப் போட்டுது. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் சொல்லிக் குடுத்திண்டுதான் இருந்தேன். அவா கணக்குல அன்னிக்கே நான் போய்ட்டேன், அவ்வளவுதான்."

"இப்ப ஏன் சொல்லிக் குடுக்கதில்ல?" என்று தங்கபுஷ்பம் கேட்டார்.

 டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "யாரும் வரலை," என்றார். "நான் ஒண்ணும் நிறுத்தலை. காலம்பற எழுந்து வாசல்ல நின்னு பாத்தேன், கொஞ்ச நாள். யாரும் வரலை."

 நான் அடுத்து என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கவில்லை.

"நாங்க வந்துருக்கோம்லா," என்றார் தங்கபுஷ்பம்.

அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. ரேழியில் பழைய படுக்கை விரிப்புப் போர்த்தியிருந்த சைக்கிள் வெளியே வந்தது. டயரில் காற்று கல்லாக இருந்தது. வாராவாரம் அடித்துவைப்பாராம். மடிசாரைவிடச் சைக்கிளுக்குத் தோதான உடை உலகத்திலேயே இல்லை என்று டீச்சர் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். மற்றவர்களுக்குப் புடவையைக் காலுக்கு நடுவே வாங்கிச் செருகுவது எப்படி என்று காட்டினார். இருபத்திரண்டு ஆசிரியைகள் நடுச்சந்தில் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற காட்சியை நான் எந்தப் பத்தியில் எழுதுவது?

முதலில் தங்கபுஷ்பம்.

"டீச்சர், எனக்கு வயசு அம்பது ஆகப்போவுது. இது என்னயத் தாங்குமா?"

"சைக்கிள் தாங்கும். நீங்க ஏறுங்கோ." டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் நின்ற ஆறடி உருவம் கண்ணில் பட்டது. "அங்கே யாரு, குடையை வெச்சுண்டு சும்மா நிக்கறது? இங்கே வந்து சீட்டைப் பிடிங்கோ."

உதவி இயக்குநரை அப்படி ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் குறிப்பேட்டைச் சட்டைப் பையில் வைத்தார். குடையை என்னிடம் கொடுத்தார். போய்ச் சீட்டைப் பிடித்தார்.

"மிதிங்கோ. கீழே பாக்காதேங்கோ. சந்து முனையைப் பாருங்கோ. மிதிங்கோ."

சைக்கிள் நகர்ந்தது. சுந்தரவரதன் பின்னாலேயே ஓடினார். பத்தடி, இருபதடி. அப்புறம் மூச்சு வாங்கி விட்டுவிட்டார். அது தங்கபுஷ்பத்துக்குத் தெரியாது. "விட்டுராதீய சார், விட்டுராதீய," என்று சொல்லிக்கொண்டே, யாரும் பிடிக்காத சைக்கிளில், கொண்டை அவிழ, சந்து முனைவரை போனார். இருபத்தொரு பேரும் கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். அன்றைக்குத்தான் வேலை நேரத்தில் முன்பக்கமாக ஓடினேன்.

அந்த நேரம் பார்த்து எதிரே சந்துக்குள் நுழைந்தாள் ரோசம்மா.

இரண்டு சைக்கிளும் மோதின. யாருக்கும் அடியில்லை, கூடைதான் கவிழ்ந்தது. சங்கராவும் வவ்வால் மீனும் சந்து முழுக்கச் சறுக்கிக்கொண்டு போயின. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன, திறந்த வேகத்தில் மூடின.

"இன்னாமே, கண்ணு பின்னால கீதா?" என்று ஆரம்பித்த ரோசம்மா, சந்துக்குள் பார்த்தாள். செருகிய புடவையோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "டீச்சரம்மா, திரும்பக் க்ளாஸ் எடுக்கறியா? எங்கையில ஒரு வார்த்த சொல்லல?"

மீன் கிடக்கட்டும் என்று ரோசம்மா தன் சைக்கிளையும் கொடுத்துவிட்டாள். இரண்டு சைக்கிளில் வகுப்பு இரட்டை வேகத்தில் நடந்தது. முறைக்குக் காத்திருந்தவர்கள் மீன் பொறுக்கினார்கள். முட்டை கூடத் தொடாத சுந்தரவரதன், கைக்குட்டையால் ஒரு வவ்வாலின் வாலைப் பிடித்துத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றார். நான் சிரித்தேன். முதன்முறையாக அவருக்கு எதிரிலேயே, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவர் பார்த்தார். 

ஒன்பது மணிக்கு முடிய வேண்டிய நடை பன்னிரண்டுக்கு முடிந்தது. அன்று காலை நடந்த பயிற்சியின் நிறைவு விழாவுக்கு இருபத்திரண்டு பேரில் ஒருவரும் போகவில்லை.

திங்கட்கிழமை பயிற்சி நடத்தியவர்களிடமிருந்து புகார்க் கடிதம் வந்துவிட்டது. சுந்தரவரதன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தொலைபேசி மேசையை மனதுக்குள் துடைத்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

"உயிரோட இருக்கறவங்களைச் செத்துட்டாங்கன்னு சொல்லிட்டோம்," என்றார்.

"ஆமாம் சார்."

"அந்த மீன்காரம்மாகிட்ட நீங்க கேட்டீங்களா, டீச்சர் இருக்காங்களான்னு?"

"கேக்கலை சார்."

"கேட்டிருக்கணும். ஆனா கதவைத் தட்டறேன்னு நீங்க சொன்னீங்க. வேண்டாம்னது நான். பத்தியை நிரப்பினதும் நான்." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அலுவலக முத்திரையோடு டீச்சருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். தாங்கள் உயிருடன் இருப்பதை நேரில் கண்டு உறுதிசெய்துகொண்டோம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். புகாருக்கான பதிலும் தயாராக இருந்தது. தவறு முழுவதும் தன்னுடையது என்று அதில் கையெழுத்திட்டிருந்தார். எனக்கான நீட்டிப்புக் கடிதம் அதற்கு அடியில் இருந்தது.

மன்னிப்புக் கடிதத்தை இருவருமாகக் கொண்டுபோனோம். டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். "நான் இருக்கேன்னு கவர்மெண்டே சொல்லிடுத்து. இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்று முத்திரையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நடை நடத்தலாம், ஆனால் தன் வீட்டுக்கு முன்னால் தன்னைப் பற்றித் தான்தான் பேசுவேன் என்று நிபந்தனை போட்டார். சுந்தரவரதன் "நல்லது" என்றார், அழுத்தி.

காப்பி குடித்து முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"ஆம்பளைகளுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?"

"யாருக்கு?" என்றார் டீச்சர்.

"எனக்குத்தான். சின்ன வயசுல வீட்டுல விடலை. அப்புறம் கேக்க வெக்கமா போயிடுச்சு."

டீச்சர் அவரை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "சீட்டை நாலு விரல் ஏத்தணும்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் பாடம் தொடங்கியது. சாட்சிக்கு நானும் வர வேண்டும் என்று சுந்தரவரதன் கேட்டுக்கொண்டார். கால்சட்டை நுனியில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு வந்தார். முதல் நாள் மூன்று தடவை விழுந்தார். ஒவ்வொரு தடவையும் எழுந்து, மண்ணைத் தட்டி, டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது சனிக்கிழமை சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான்.

மூன்றாவது சனிக்கிழமை நான் பாதிச் சந்தில் கையை எடுத்துவிட்டேன். சைக்கிள் ஒருமுறை தள்ளாடி நிமிர்ந்தது. ஆறடி மனிதர், முழங்கால் இரண்டும் விரிந்திருக்க, முதுகை நெட்டாக வைத்துக்கொண்டு மிதித்தார். சந்து முனை வந்தது. அதைத் தாண்டினால் தெரு, தெருவோடு நேராகப் போனால் கடல். அவர் நிற்கவில்லை. மணியடித்துக்கொண்டே தெருவில் இறங்கிக் கிழக்கே போனார். ஒரு பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

"டீச்சர், சைக்கிளைத் திருப்ப அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அது அடுத்த வாரப் பாடம்," என்றார் டீச்சர். இருவரும் தெரு முனைக்குப் போய் நின்று, அந்த முதுகு சூரியனுக்கு நேரே போய்ச் சின்னதாகிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.